இலைக்குள் ஓடும் மின்சாரம்: இராபர்ட் ஹில் வாழ்வும் பணியும்

மூன்றாமாண்டு இளம் அறிவியல் மாணவி, தாவரவியல் துறை

அறிவியல் வரலாற்றில் சிலர் வகித்த பதவியால் நினைக்கப்படுகின்றனர்; சிலர் பெற்ற பரிசால் நினைக்கப்படுகின்றனர். இன்னும் சிலருடைய பெயரோ ஒரு வேதிவினையோடு ஒட்டிக்கொண்டு, தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டுமே உயிர் வாழ்கிறது. ஹில் வினை என்றால் என்ன? இவ்வினாவுக்கு விடை எழுதாமல் தாவரவியலில் பட்டம் பெற்றவர் அரிது. ஆனால் அந்த ஹில் யார், எந்த ஊரினர், என்ன பாடுபட்டு அவ்வினையைக் கண்டார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படி விழித்தவள்தான். என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது ஒரு தோல்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளுக்காத நீலம்

தாவரச் செயலியல் செய்முறை வகுப்பு. பாலக்கீரையை அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றிப் பசுங்கணிகங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அவற்றோடு நீலச் சாயக் கரைசலைக் கலந்து, ஒரு குழாயை விளக்கொளியிலும் மற்றொன்றைக் கருப்புத்தாள் சுற்றி இருட்டிலும் வைக்க வேண்டும். ஒளியில் இருக்கும் குழாயில் நீலம் வெளுக்கும். இருட்டில் இருப்பது அப்படியே இருக்கும். இதுதான் சோதனை.

என் குழாய்களில் இரண்டுமே நீலமாக இருந்தன. அரை மணி நேரம் காத்திருந்தேன். நீலம் அசையவில்லை. காரணம் எளியது, குற்றமும் என்னுடையதே. பனிக்கட்டியில் வைத்து அரைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அரைத்த சாற்றைச் சித்திரை மாத வெக்கையில் மேசை மீது வைத்துவிட்டுத் தோழியரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதற்குள் பசுங்கணிகங்கள் செயலிழந்துவிட்டன. பேராசிரியை கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் மீண்டும் செய்யுமாறும், அதற்குள் இந்தச் சோதனையை முதன்முதலில் செய்தவர் யார் என்று படித்து வருமாறும் கூறினார்.

அந்த வாரம் எனக்கு நல்ல வாரமாக இல்லை. எங்கள் குடும்பம் சாயத்தொழில் செய்யும் குடும்பம். அப்பா நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலாளி. பட்டம் முடிந்ததும் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலைக்கு என்னை அனுப்பிவிடலாம் என்று பெரியப்பா ஏற்பாடு செய்திருந்தார். இலையையும் தண்டையும் படித்து யாருக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வெளுக்காத நீலத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அவர் கேட்பது சரிதானோ என்றுகூடத் தோன்றியது. அந்த மனநிலையில்தான் நூலகத்தில் ஹில்லைத் தேடி உட்கார்ந்தேன்.

பிறப்பும் இளமையும்

இராபர்ட் ஹில் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், இங்கிலாந்தின் வார்விக்ஷயர் மாவட்டத்தில், லீமிங்டன் ஸ்பா என்ற ஊரின் நியூ மில்வர்ட்டன் பகுதியில் பிறந்தார். எல்லோரும் அவரை ராபின் என்றே அழைத்தனர். ஆக்சிஜன் ஹீமோகுளோபினில் சேர்வதைக் கணக்கிடும் ஹில் சமன்பாடு 1910இல் வெளிவந்தது. அதைத் தந்தவர் ஆர்ச்சிபால்ட் ஹில். 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவரும் அவரே. நம் ஹில் வேறு. தேர்வில் இருவரையும் குழப்பிக்கொள்ளும் நண்பர்கள் இதை நினைவில் கொள்க.

பீடேல்ஸ் பள்ளியில் படித்தபோதே இரண்டு ஆசைகள் அவரைப் பற்றிக்கொண்டன. ஒன்று உயிரியல், மற்றொன்று வானம். 1917இல், பதினெட்டு வயதில், சூரியப் புள்ளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் சூரிய ஒளி இலைக்குள் என்ன செய்கிறது என்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ளவிருந்தவர், முதலில் சூரியனையே பார்த்துத் தொடங்கினார் என்பது பொருத்தமே.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. நச்சுவாயு போர்க்கருவியாகிவிட்ட காலம் அது. அரச பொறியாளர் படையின் நச்சுவாயுத் தடுப்புப் பிரிவில் ஹில் பணியாற்றினார். கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று, 1922இல் அப்பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். வைட்டமின் ஆராய்ச்சிக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸ் அத்துறையின் தலைவராக இருந்தார்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் அவர் கை சும்மா இருக்கவில்லை. வானம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் மீன்கண் வில்லையை வடிவமைத்து 1924இல் வெளியிட்டார். மேகக் கூட்டங்களை அதைக்கொண்டு முப்பரிமாணமாகப் படம் பிடித்தார். நீர்வண்ண ஓவியம் வரைவார். அதற்கு வேண்டிய நிறங்களைத் தாமே செடிகளிலிருந்து எடுப்பார். நம் ஊர் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த மேடர் செடியைச் சிவப்புக்காகவும், வோட் என்னும் செடியை நீலத்துக்காகவும் வளர்த்தார். வோட் செடி தரும் நீலமும் நம் அவுரி தரும் நீலமும் ஒரே பொருள்தான். இந்த இடத்தைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்று ஓர் உரிமை உண்டாயிற்று.

இரத்தம் கற்றுக்கொடுத்த பாடம்

நிறமிகளில் மனம் தோய்ந்த ஹில்லுக்குத் துறை ஒதுக்கிய வேலை செடியைச் சார்ந்தது அன்று. இரத்தத்தின் சிவப்பான ஹீமோகுளோபின். நம்மில் ஒருவராயிருந்தால் விரும்பிய பாடம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருப்போம். ஹில் சோரவில்லை. ஹீமோகுளோபினை ஹீம் என்ற இரும்புப் பகுதியாகவும், குளோபின் என்ற புரதப் பகுதியாகவும் கேடில்லாமல் பிரிக்கும் முறையை ஹோல்டன் என்பவருடன் சேர்ந்து 1926இல் வெளியிட்டார். பிரித்த இரண்டும் மீண்டும் சேர்ந்தன.

அதே ஆண்டில் டேவிட் கெய்லினுடன் சேர்ந்து சைட்டோகுரோம்களை ஆராயத் தொடங்கினார். சைட்டோகுரோமும் ஹீம் உள்ள புரதமே. ஆனால் அது ஆக்சிஜனைச் சுமப்பதில்லை, எலெக்ட்ரானைச் சுமக்கிறது. அதிலுள்ள இரும்பு ஓர் எலெக்ட்ரானை வாங்கும்போது ஒரு நிலை; கொடுத்துவிட்டால் மற்றொரு நிலை. இரண்டு நிலைகளுக்கும் நிறப்பட்டைகள் வேறு. ஆகவே எலெக்ட்ரான் கைமாறுவதை நிறமாலைக் கருவியில் கண்ணால் பார்க்கலாம்.

இவ்வாறு பத்தாண்டுகளில் இரண்டு கலைகள் அவர் கைக்கு வந்தன. நுண்ணளவு ஆக்சிஜனையும் ஹீமோகுளோபினின் நிறமாற்றத்தால் அளப்பது ஒன்று. எலெக்ட்ரான் கைமாறுவதை நிறத்தால் அறிவது மற்றொன்று. விரும்பாத வேலை என்று ஒதுக்கியிருந்தால் இவ்விரண்டும் அவருக்கு வாய்த்திருக்குமா?

உடைந்த இலையின் மூச்சு

1932 முதல் ஹில் தம் மனம் விரும்பிய பச்சை இலைக்குத் திரும்பினார். பச்சை இலை ஒளியில் ஆக்சிஜனை வெளிவிடுகிறது என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் இலையை அரைத்து உயிரணுக்களை உடைத்துவிட்டால் அந்தச் செயல் ஏறக்குறைய நின்றுவிடும். முன்னர் முயன்றவர்களுக்கு மிகச் சிறிதளவே ஆக்சிஜன் கிடைத்தது. ஒளிச்சேர்க்கை என்பது முழு உயிரணுவின் இரகசியம், பிரித்துப் பார்க்க முடியாதது என்ற எண்ணம் வலுத்திருந்தது.

ஹில் வேறு விதமாகச் சிந்தித்தார். அரைத்த இலையில் இயந்திரம் கெட்டுப்போகாமல் இருக்கலாம். ஆனால் அது வெளியே தள்ளும் பொருளை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றிருக்கலாம் அல்லவா? விற்பவன் இருந்தும் வாங்குபவன் இல்லாத சந்தை போல!

சாதாரணக் களைச்செடிகளின் இலைகளைச் சர்க்கரைக் கரைசலில் அரைத்துப் பசுங்கணிகங்களைப் பிரித்தார். காற்று நீக்கிய கலத்தில் அவற்றுடன் ஹீமோகுளோபினைச் சேர்த்தார். வாங்குபவனாக ஒரு பொருளையும் சேர்த்தார். முதலில் இலைச்சாறு, பின்னர் அதனினும் தெளிவான ஃபெர்ரிக் ஆக்சலேட் என்னும் இரும்பு உப்பு. ஒளி பட்டதும், ஆக்சிஜன் அற்ற ஹீமோகுளோபின் காட்டிய ஒற்றை நிறப்பட்டை இரண்டாகப் பிரிந்தது. ஆக்சிஜன் வந்துவிட்டது! 1937இல் இச்செய்தி நேச்சர் இதழில் வெளிவந்தது. 1939இல் விரிவான கட்டுரை இராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

இதில் அடங்கியுள்ள பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சேர்த்த இரும்பின் அணு ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானை வாங்கியது. நான்கு இரும்பு அணுக்கள் மாறும்போது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவந்தது. இதற்குக் கரியமில வாயு தேவைப்படவில்லை. ஆகவே ஒளி நேரடியாகச் செய்யும் வேலை சர்க்கரை ஆக்குவதன்று. நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து மற்றொன்றிடம் ஒப்படைப்பதே. சர்க்கரை ஆக்குவது அதற்குப் பின்வரும் வேறொரு தொழில். ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பதை ரூபன், கேமன் ஆகியோர் 1941இல் கனமான ஆக்சிஜனைக் கொண்டு வேறு வழியில் உறுதிப்படுத்தினர். ஹில் இரும்பு உப்பைச் சேர்த்த இடத்தில் இயற்கை வைத்திருக்கும் வாங்குபவர் நாம் பாடத்தில் படிக்கும் என்.ஏ.டி.பி. என்பது 1950களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று.

இலைக்குள் ஓடுவது உண்மையில் ஒரு மின்னோட்டமே. மின்சாரம் என்பதும் எலெக்ட்ரான்களின் ஓட்டந்தானே!

அப்பா தந்த விளக்கம்

இதைப் படித்த அன்றிரவு, என் சோதனை தோற்ற கதையை அப்பாவிடம் சொன்னேன். வகுப்பில் நாங்கள் சேர்க்கும் நீலச் சாயமும் வாங்குபவனே. எலெக்ட்ரானை வாங்கினால் நிறமிழக்கும் என்று விளக்கினேன். அவருக்குப் புரியாது என்று எண்ணித்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இது எங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார்.

தாத்தா காலத்தில் வீட்டில் அவுரித் தொட்டி இருந்ததாம். சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்கவைப்பார்களாம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டி நன்றாகப் புளித்தால் நீலம் மறைந்து மஞ்சள் கலந்த பச்சையாகிக் கரையும். நூலை அதில் முக்கி எடுத்தால் முதலில் மஞ்சட் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். இப்போது புளிக்கவைப்பதற்குப் பதிலாகக் காஸ்டிக்கும் ஹைட்ரோவும் போடுகிறோம், அவ்வளவுதான் என்றார். நீலம் போய்விடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. காற்று அதைத் திரும்பக் கூப்பிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

நான் வியந்துபோனேன். புளித்த தொட்டியில் நுண்ணுயிர்கள் சாயத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன. ஹைட்ரோவும் அதையே செய்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எலெக்ட்ரான் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர்தான் எங்களுக்குத் தெரியாது. ஹில்லின் தோட்டத்து வோட் செடியின் நீலமும் இதே வழியில்தான் துணியில் ஏறும்.

அடுத்த செய்முறை வகுப்பன்று விடியற்காலையில் அப்பா சைக்கிளில் மீன் சந்தைக்குப் போய், சாக்கில் உமி சுற்றிப் பனிக்கட்டி வாங்கி வந்து கொடுத்தார். அன்று பாலக்கீரையைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அரைத்தேன். விளக்கின் முன் வைத்த குழாயில் நீலம் சில நிமிடங்களில் மங்கி, இளம்பச்சை மட்டும் எஞ்சியது. கருப்புத்தாளைப் பிரித்தால் உள்ளே நீலம் அப்படியே இருந்தது. இரண்டு குழாய்களையும் அருகருகே பிடித்தபோது, 1937இல் ஹில் நிறப்பட்டை இரண்டாகப் பிரிவதைப் பார்த்த கணம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சிறிது விளங்கிற்று.

இரண்டு படிகள்

ஹில்லின் கதை இத்துடன் முடியவில்லை. இலையிலும் சைட்டோகுரோம்கள் இருக்கின்றனவா என்று அவர் தேடினார். 1951இல் ஸ்கரிஸ்பிரிக் என்பவருடன் சேர்ந்து சைட்டோகுரோம் எஃப் என்பதை வெளிப்படுத்தினார். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அந்த எஃப். பின்னர் சைட்டோகுரோம் பி6 என்பதையும் கண்டார். இவ்விரண்டும் பசுங்கணிகத்துக்குள் என்ன செய்கின்றன என்பதே அடுத்த புதிர்.

எலெக்ட்ரான் தானாக ஓடுவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதைப் போன்றது. பி6 சற்று மேட்டில் இருக்கிறது; எஃப் அதற்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.4 வோல்ட் வேறுபாடு. ஒளி ஒரே தூக்கில் நீரிலிருந்து எலெக்ட்ரானை உச்சிக்கு ஏற்றிவிடுகிறது என்றால் நடுவில் இந்த இறக்கத்துக்கு என்ன வேலை? ஹில்லும் அவருடன் பணியாற்றிய ஃபே பெண்டால் அம்மையாரும் 1960இல் விடை தந்தனர். ஒளி ஒருமுறையன்று, இருமுறை தூக்குகிறது. முதல் தூக்கில் எலெக்ட்ரான் பாதி உயரம் ஏறுகிறது. அங்கிருந்து சைட்டோகுரோம்களின் வழியே சிறிது இறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல் ஏ.டி.பி. ஆக்கப் பயன்படுகிறது, இரண்டாம் தூக்கு அதை உச்சிக்குக் கொண்டு செல்கிறது. ஏற்றமிறைத்துக் கால்வாயில் விட்ட நீரை மற்றோர் ஏற்றத்தால் மேட்டு நிலத்துக்கு இறைப்பதைப் போன்றது இது. நம் பாடநூல்களில் வரும் இசட் வடிவப் படம் இதுதான். டாய்சன்ஸ் குழுவினர் 1961இல் சிவப்புப் பாசியில் செய்த அளவீடுகள், இரு ஒளி வினைகளும் சைட்டோகுரோம் வழியே இணைவதைக் காட்டின.

இக்கருத்தை வெளியிட்டபோது ஹில்லுக்கு வயது 61. நம் நாட்டில் ஓய்வூதியம் வாங்கும் வயது!

நாற்காலி இல்லாத அறிஞர்

இத்தகைய அறிஞர் என்ன பதவி வகித்தார் என்று தேடினேன். கிடைத்த விடை வியப்பளித்தது. கேம்பிரிட்ஜில் பேராசிரியர் நாற்காலி அவருக்கு அமையவில்லை. 1943 முதல் வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் அதே உயிர்வேதியியல் துறையில் பணியைத் தொடர்ந்தார். 1946இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1963இல் இராயல் பதக்கம் வந்தது. 1966இல் ஓய்வு பெற்றார். ஆனால் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. இலையின் ஆற்றல் கணக்கை வெப்ப இயக்கவியலின் விதிகளோடு பொருத்திப் பார்ப்பதில் இறுதிக் காலத்தைச் செலவிட்டார். இராயல் கழகத்தின் மிக உயர்ந்த சிறப்பான காப்ளி பதக்கம் 1987இல் வந்தபோது அவருக்கு வயது 88. நோபல் பரிசு வரவேயில்லை. 1991 மார்ச் 15 அன்று, 92ஆம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது மறைந்தார்.

பட்டத்துக்கும் பதவிக்கும் ஓடும் உலகில், ஓர் இலையின் முன் அறுபதாண்டுக் காலம் அமர்ந்திருந்தவர் அவர்.

சாயத்துக்குப் பதில் மின்முனை

இதனால் என்ன பயன் என்ற பெரியப்பாவின் கேள்விக்கு இனி வருகிறேன்.

ஹில் இரும்பு உப்பை வைத்தார். நாங்கள் நீலச் சாயத்தை வைக்கிறோம். அதே இடத்தில் ஒரு மின்முனையை வைத்தால் என்ன? எலெக்ட்ரானைச் சாயம் வாங்குவதற்குப் பதிலாக மின்முனை வாங்கும். கம்பி வழியே அது வெளியே ஓடும். இலையின் மின்னோட்டம் நம் கருவியில் முள்ளை அசைக்கும். இன்று பல நாட்டு ஆய்வகங்களில் இவ்வேலை நடக்கிறது.

கீரையிலிருந்தோ நீலப்பச்சைப் பாசியிலிருந்தோ ஒளித்தொகுதி எனப்படும் புரதக் கூட்டத்தைப் பிரித்தெடுக்கின்றனர். இந்தியம் டின் ஆக்சைடு போன்ற, ஒளி ஊடுருவும் பொருளைக் கடற்பஞ்சு போலத் துளைகள் உள்ளதாகச் செய்து, அதன்மேல் புரதத்தைப் படியவிடுகின்றனர். விளக்கைப் போட்டால் மின்னோட்டம் எழுகிறது; அணைத்தால் விழுகிறது. அது புரதத்திலிருந்துதான் வருகிறதா என்று எப்படி அறிவது? ஒளியின் நிறத்தை மாற்றிப் பார்க்கின்றனர். பச்சையம் விரும்பும் சிவப்பொளியில் ஓட்டம் மிகுந்தால் ஒரு சான்று. டையூரான் என்னும் களைக்கொல்லியைச் சேர்த்துப் பார்க்கின்றனர். அது ஒளித்தொகுதி இரண்டில் எலெக்ட்ரான் வெளியேறும் வாயிலை அடைப்பது. ஓட்டம் குறைந்தால் மற்றொரு சான்று. ஹில் வினையையும் அதே களைக்கொல்லி தடுக்கும்.

ஆனால் தடைகள் பல. புரதம் சரியான பக்கம் திரும்பி ஒட்டாவிட்டால் எலெக்ட்ரான் மின்முனையை எட்டாது. அதனினும் பெரிய தடை புரதத்தின் ஆயுள். கடும் ஒளியில் ஒளித்தொகுதி இரண்டின் முக்கியப் புரதம் ஒன்று விரைவில் பழுதடையும். உயிருள்ள இலை அதை ஓயாமல் கழற்றிப் புதிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. மின்முனையில் மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? சில நிமிடங்களிலேயே ஓட்டம் தளரத் தொடங்குகிறது. என் முதல் சோதனையில் மேசைமேல் கிடந்த சாறு செயலிழந்ததும் இவ்வகைக் கதையே. சிலிக்கான் சூரியத் தகடுக்குப் போட்டியாக இது நாளை நம் கூரைக்கு வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நீரைப் பிளக்கும் வேலையை மாங்கனீசு, கால்சியம் போன்ற எளிய தனிமங்களைக் கொண்டு இலை எப்படிச் செய்கிறது, எலெக்ட்ரான் எங்கே விரைகிறது, எங்கே தங்குகிறது என்பதை அறியவே இம்மின்முனைகள் முதன்மையாக உதவுகின்றன. அதை அறிந்தால், அழியாத செயற்கை இலையைச் செய்யும் வழி புலப்படலாம்.

புரதத்தைப் பிரிக்காமல், உயிருள்ள பாசியையே மின்கலத்தில் வைக்கும் வழியும் உண்டு. உயிர் இருப்பதால் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும். 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கைவிளக்குக்குப் போடும் மின்கலம் அளவுள்ள ஒரு கருவியில் நீலப்பச்சைப் பாசி வளர்ந்து, ஒரு சிறு கணிப்பொறிச் சில்லை ஆறு மாதத்துக்கும் மேலாக இயக்கியது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியது எது தெரியுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. 1922இல் இருபத்து மூன்று வயது ஹில் அடியெடுத்து வைத்த அதே துறை. இடையே சென்றது சரியாக நூறாண்டு.

முடிவாக

பெரியப்பாவுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. நூறாண்டு காத்திருக்க நம் வீட்டில் வசதி ஏது என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழை வீட்டின் கணக்கு வேறு. ஹில்லுக்கு அவர் நாடும் ஓர் ஆராய்ச்சிக் குழுவும் சோறு போட்டன. ஆனால் அவர் முதுநிலைப் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கிழித்துவிடவும் இல்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை அப்பா, நகக்கணுவில் நீலம் ஏறிய விரல்களால், அதில் கையெழுத்திட்டார். இடம் கிடைக்குமா, உதவித்தொகை கிடைக்குமா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

அன்பார்ந்த இளைய மாணவ நண்பர்களே! அடுத்த ஆண்டு இதே செய்முறை உங்களுக்கு வரும். கையேட்டில் உள்ளபடி பனிக்கட்டியை மறவாதீர்கள். மீன் சந்தையில் விடியற்காலையில் கிடைக்கும். நீலம் வெளுக்கும்போது, மதிப்பெண்ணை மறந்து ஒரு கணம் அக்குழாயைப் பாருங்கள். நீரிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான் ஒன்று, ஒளியின் தோளில் ஏறி, உங்கள் கண்முன் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் கண்டவர் பெரும் பதவியிலிருந்த ஒருவர் அல்லர். தம் நிறங்களைத் தாமே செடியிலிருந்து எடுத்த, பொறுமை மிக்க ஒரு மனிதர். தேர்வுத்தாளில் ஹில் வினை என்று எழுதும்போது அம்மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.